பல்லாங்குழியும் பிள்ளைகளின் கணக்கும்

ஜோகுபாளையத்தில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவன் நான். கடை சாத்திய பிறகு பழைய நூல்களைப் புரட்டுவது வழக்கம். கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். பிழையிருப்பின் அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள்க.

நாம் பிழைக்க வந்த இந்தக் கன்னட நாட்டில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், மகாவீராச்சாரியர் என்னும் சமண அறிஞர் 'கணித சார சங்கிரகம்' என்ற நூலை வடமொழியில் இயற்றினார். 1912இல் ரங்காச்சாரியார் அதைச் சென்னையில் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். அதில் எண்வகைக் கணக்கு பெருக்கலில்தான் தொடங்குகிறது. கூட்டல், கழித்தல் என்று பின்னால் வருபவை எண்தொடர்களுக்கு உரியவை. 'மூன்றும் நாலும் எத்தனை?' என்ற பாடமே இல்லை. அதைப் பிள்ளை முன்னமே கற்று வந்திருக்கும் என்று ஆசிரியர் எண்ணினார் போலும்.

அப்படியானால் அதை எங்கே கற்றார்கள்? நம் தமிழ்நாட்டில் திண்ணையிலும் வீட்டுக் கூடத்திலும் கற்றார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, பொன்னிலக்கத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி, இரண்டு அரைக்காணி ஒரு காணி என்று கூட்டல் வளரும். கூடத்திலோ பல்லாங்குழி! பதினான்கு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. ஆளுக்கு 35. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் 'பசு'. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார்.

என் பேத்தி இரண்டாம் வகுப்பு. கழித்தல் என்றாலே அழுகை. ட்யூஷன் வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு நடந்தது. என் வீட்டுக்காரி பரண்மேல் கிடந்த பலகையை இறக்கினாள். முதல் ஆட்டத்தில் பேத்திக்குக் கிடைத்தது 25 கொட்டை. குழிக்கு ஐந்தாக நிரப்பினாள். இரண்டு குழி காலி. "பாட்டி, என்னோட பத்து உங்ககிட்ட இருக்கு, குடுங்க!" என்றாள். 35இல் 25 போனால் மீதி என்ன என்று நோட்டில் எழுதினால் விழிக்கிற பிள்ளைதான் இது.

கடையிலும் கற்றாள். 37 ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது ரூபாய் நோட்டு வந்தால் நாங்கள் கழிப்பதில்லை. மூன்று ரூபாய் வைத்து நாற்பது, பத்து வைத்து ஐம்பது என்று கூட்டியே மீதி தருவோம். இப்போது அவளே எண்ணித் தருகிறாள்.

கர்நாடகத்தில் 1995இல் எச்.டி. கோட்டை வட்டாரத்தில் தொடங்கிய 'நலி கலி', தமிழ்நாட்டில் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' ஆகிய திட்டங்களும் பிள்ளைகளைக் கையால் செய்து, ஆடிக் கற்கச் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடம் செய்யட்டும் என்று நாம் இருந்துவிடக் கூடாது. ஊரை விட்டு வந்த குடும்பங்களில் பலகை முதலில் பரணுக்குப் போகிறது. பிறகு பழைய சாமான்காரனுக்கு. ஆடத் தெரிந்த பாட்டிமாரும் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை ஊருக்குப் போனால் ஒரு பலகை கொண்டுவாருங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையையும் கூப்பிடுங்கள். அவர்கள் வீட்டில் அதற்கு 'அளகுளி மணெ' என்று பெயர்.