கண்காட்சி அரங்கு ஒதுக்கீடு
வணிகக் கண்காட்சிக் கூடத்தின் பரப்பை அரங்குகளாகவும் நடைபாதைகளாகவும் வரைபடத்தில் பிரித்து, பங்கேற்கும் நிறுவனங்களுக்கு வழங்கும் பணி. அடிப்படை அலகு பெரும்பாலும் 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். அமெரிக்காவில் 10 அடிக்கு 10 அடி. ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பது வரிசை அரங்கு, இரு பக்கமும் திறந்திருந்தால் மூலை அரங்கு, மூன்றும் திறந்தது தீபகற்ப அரங்கு, நாற்புறமும் திறந்தது தீவு அரங்கு. திறந்த பக்கம் கூடினால் வாடகையும் பொதுவாகக் கூடும். தடுப்பு, பெயர்ப்பலகை, விளக்குடன் தருவதும் உண்டு. வெறுந்தரையாகத் தருவதும் உண்டு.

தூண்கள், அவசர வழிகள், தீயணைப்புக் குழாய்கள், தரை தாங்கும் எடை, மின் இணைப்பு இடங்கள் ஆகியவையே வரைபடத்தில் முதலில் குறிக்கப்படும். எஞ்சிய பரப்புதான் விற்பனைக்குரியது. கனரக இயந்திரங்களுக்குச் சரக்கு வாயிலருகே இடம் தரப்படும். முன்பதிவு வரிசை, முந்தைய பங்கேற்புக்கான முன்னுரிமைப் புள்ளிகள், குலுக்கல் ஆகியவை ஒதுக்கீட்டு முறைகள். நேரடிப் போட்டியாளர்களை அடுத்தடுத்து அமர்த்துவதைப் பல அமைப்பாளர்கள் தவிர்க்கின்றனர்.

1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்காக 24 அடி அலகில் எழுப்பப்பட்ட படிக மாளிகையில் மேற்குப் பாதி பிரிட்டனுக்கும் அதன் ஆட்சிப் பகுதிகளுக்கும், கிழக்குப் பாதி பிற நாடுகளுக்கும் ஒதுக்கப்பட்டது. காட்சிப் பொருள்கள் 30 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன.