தாயிழந்த கன்றும் உறக்கமிழந்த ஊரும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி கங்கையை அடுத்துக் கிடக்கிறது வில்கமுவ. அதன் வடபால் வஸ்கமுவ வனம். நெல்லும் சேனைப் பயிரும் விளைவித்து வயிறு வளர்க்கும் எளிய மக்களின் பூமி அது. கதிர் முற்றும் காலத்தில் அங்கே இரவு உறங்குவதற்குரிய பொழுதன்று. மரத்தின்மீது கட்டிய பரணில் விழித்திருந்து யானைக்குக் காவல் நிற்கும் பொழுது. விளைச்சல் போனால் கடன் மிஞ்சும். பரணை விட்டிறங்கினால் சில வேளை உயிரே மிஞ்சாது.

மேல்நாடுகளில் கைவிடப்பட்ட குதிரைகளை மீட்டு வளர்க்கிறார்கள். அவற்றின் அருகிருந்து மனம் நொந்தோர் ஆறுதல் அடைகிறார்கள் என்றும் படிக்கிறோம். இலங்கையில் அந்த இடத்தைப் பெற்றிருப்பது தாயிழந்த யானைக்கன்று. 1975இல் பின்னவலவில் அநாதை யானைகளுக்கென ஓர் இல்லம் தோன்றியது. குழந்தைக்குப் புட்டிப்பால் ஊட்டுவதுபோல் கன்றுக்கு ஊட்டிய எவரும் உள்ளம் நெகிழாமல் திரும்பியதில்லை. கண்ணிவெடியில் ஒரு காலின் பாதத்தை இழந்து அங்கே வளர்ந்த சாமா என்னும் யானை, போர் மனிதரோடு மட்டும் நிற்பதில்லை என்பதை வந்தோர்க்கெல்லாம் சொல்லாமற் சொன்னது. ஆயினும் பின்னவல நாளடைவில் உல்லாசப் பயணிகளின் காட்சிக்கூடமாயிற்று. அங்கே வளர்ந்த கன்று காட்டுக்குத் திரும்பவில்லை.

1995இல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் உடவளவையில் வேறொரு வழியைத் தொடங்கியது. அங்கே கன்றுக்குச் சில மணி நேரத்துக்கு ஒரு முறை பால் உண்டு, கொஞ்சுதல் இல்லை. பார்க்க வருவோர் தள்ளியே நிற்க வேண்டும். சில ஆண்டுகள் வளர்ந்தபின் கன்றுகளைக் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். முதற்கூட்டம் 1998இல் காடேறியது. பாலுக்கும் மருந்துக்கும் ஆகும் செலவைத் தனிமனிதரும் நிறுவனங்களும் 'வளர்ப்புப் பெற்றோர்' என்ற பெயரில் ஏற்கின்றனர். வளர்த்தவரைக் கன்று மறந்தால்தான் வளர்ப்பு வெற்றி பெறுகிறது. கைம்மாறு வேண்டாத அன்பு என்று அறநூல்கள் பேசுவதை ஒரு திணைக்களத்தின் அன்றாடப் பணியாக இங்கே காண்கிறோம். இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால், பாராட்டியதோடு நின்றுவிடலாமா? அந்தக் கன்று ஏன் தாயை இழந்தது?

கிணற்றில் விழுந்தும் கூட்டத்தைப் பிரிந்தும் வந்து சேரும் கன்றுகள் உண்டு. ஆனால் பலவற்றின் கதை வயலோரத்தில் தொடங்குகிறது. துப்பாக்கிக் குண்டு, கட்டுத்துவக்கு, தீனிக்குள் மறைத்து வைத்து வாயைச் சிதறடிக்கும் 'ஹக்க பட்டாஸ்' என்னும் வெடி: இவையே அக்கதையின் ஆயுதங்கள். உடனே, "ஈவிரக்கமற்ற விவசாயி!" என்று பட்டணத்து நெஞ்சம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. சரித்திரம் அவ்வளவு எளிதாகத் தீர்ப்பு எழுதுவதில்லை.

கண்டி இராச்சியத்தில் யானை அரசனின் உடைமை; அதைக் கொல்வது குற்றம். 1815இல் அந்த இராச்சியம் வீழ்ந்தது. 1840இல் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனை நிலமும் அரசுக்குச் சொந்தமாயின. அரசின் கையிலிருந்து கோப்பித் துரைமாரின் கைக்குச் சென்றன. தமிழகத்திலிருந்து கால்நடையாக வந்த கூலித் தொழிலாளர் மாத்தளைப் பாதையில் மடிந்து மடிந்து அந்தத் தோட்டங்களை உருவாக்கினர். யானையைப் பீடையென்று அறிவித்த அதே அரசு, அதைக் கொன்றோர்க்குப் பரிசுப் பணமும் கொடுத்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே வெள்ளை அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறப்படுகிறது. அவருக்கு அது வீர விளையாட்டு.

1848இல் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்தக் கிளர்ச்சிக்குக் காரணமான வரிகளில் துப்பாக்கி வரியும் ஒன்று. பயிரைக் காக்கக் குடியானவன் வைத்திருந்த துப்பாக்கிக்கு வரி. பொழுதுபோக்குக்குச் சுட்ட துரைக்குப் புகழ்! புரன் அப்புவைச் சுட்டுக் கொன்று கிளர்ச்சியை அடக்கினார்கள். காட்டுக்கும் வயலுக்கும் இடையிலான வழக்கு அடங்கவில்லை.

சுதந்திர நாட்டிலும் அது வேறுருவில் வளர்ந்தது. 1977க்குப் பின் மகாவலித் திட்டம் துரிதப்பட்டது. காடுகள் வயல்களாயின, நிலமற்றோர் குடியேறினர். இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடமாக வஸ்கமுவ 1984இல் தேசிய வனமாயிற்று. வரைபடத்தில் கோடு இழுத்தாயிற்று. ஆனால் யானை வரைபடம் படிப்பதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டிலிருந்த யானைகள் 5,879. அவை உலவும் நிலத்தில் ஏறத்தாழ 70 வீதம் மனிதரும் வாழும் நிலமே. 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. அவற்றுட் பெருந்தொகை மனிதர் கையால். அதே ஆண்டில் யானையால் உயிரிழந்த மனிதர் 150க்கு மேல். இரு பக்கத்திலும் அநாதைகள். கன்றுக்கு வளர்ப்புப் பெற்றோர் கிடைக்கின்றனர். பரணிலிருந்து திரும்பாத தகப்பனின் பிள்ளையை யார் வளர்ப்பது?

இந்தக் கேள்விக்கான விடையின் தொடக்கம் வஸ்கமுவவைச் சூழ்ந்த ஊர்களிலேயே காணக் கிடைக்கிறது. 1995இல் தொடங்கிய இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் அவ்வூர் விவசாயிகளோடு சேர்ந்து தோடை மரங்களை நட்டது. யானை தோடையை நாடாது. விவசாயிக்கோ பழம் விற்ற காசு மிஞ்சும். யானைகள் நடமாடும் பாதையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்ல ஒரு பேருந்தையும் ஓடவிட்டது. மின்வேலியைக் காட்டின் நிருவாக எல்லையில் போடுவதால் பயனில்லை. வேலியின் இருபுறமும் யானை நிற்கிறது. ஊரையும் பயிரையும் சுற்றிப் போட்டு, ஊராரே பராமரிக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கண்ட முடிவு. இவை பெரிய அதிசயங்கள் அல்ல. ஆனால் யானையைக் காப்பதும் மனிதனைக் காப்பதும் ஒரே வேலை என்று கண்டுகொண்ட முயற்சிகள்.

கன்றுக்குப் பால் வார்க்கும் கருணையை நாம் குறைத்து மதிக்கவில்லை. துயருற்ற உயிரொன்று நம் கையால் பிழைக்கும்போது நம் துயரும் தணிகிறது. அது மனித இயல்பின் மேன்மை. ஆனால் காரணத்தை மறக்கச் செய்யும் ஆறுதல் அரை ஆறுதலே. ஆசிரியர்களும் மாணவர்களும் உடவளவைக்குச் சென்று கன்றுகளைக் காணட்டும். அவற்றின் பொருட்டுக் காசு சேர்க்கட்டும். அப்படியே வில்கமுவவுக்கும் சென்று, பரணில் விழித்திருப்பவனிடம் அவன் கதையைக் கேட்கட்டும். அவன் நிம்மதியாக உறங்கும் ஏற்பாட்டைச் சமுதாயம் செய்யும் நாளில், தாயிழந்து வரும் கன்றுகளும் குறையும்.