படிக்க முடியாத எச்சரிக்கை: ஈராக், 1971

1971ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஈராக்கின் பஸ்ரா துறைமுகத்தில் விதைத் தானியம் வந்து இறங்கியது. ஏறத்தாழ 73,000 டன் கோதுமை, 22,000 டன் பார்லி. கோதுமை மெக்சிகோவிலிருந்து வந்த உயர்விளைச்சல் வகை. பூஞ்சண நோயிலிருந்து விதையைக் காக்க அதன்மேல் மெத்தில் பாதரசம் பூசப்பட்டிருந்தது. நஞ்சூட்டிய விதை என்பதைக் காட்ட மணிகளுக்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றப்பட்டிருந்தது. மூட்டைகளின்மேல் ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கைகளும் மண்டையோட்டுச் சின்னமும் இருந்தன. அவற்றைப் பெற்ற உழவர்கள் பேசியவை அரபும் குர்தியும்.

அந்த ஆண்டு டிசம்பர் இறுதியில் நோயாளிகள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினர். ஜனவரியில் அவர்கள் வெள்ளமாகப் பெருகினர். அரசுக் கணக்கின்படி சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அவர்களுள் இறந்தோர் 459 பேர். மருத்துவமனையை எட்டாமல் வீட்டிலேயே இறந்தோர் இக்கணக்கில் இல்லை.

விதையை உண்டுவிட்ட அறியா உழவர்களின் கதையாகவே பல பாடநூல்களில் இது இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. ஆவணங்களைச் சற்று நின்று படித்தால் வேறொரு கதை புலப்படும். எச்சரிக்கை இருந்தது, அது யாருக்குத் தேவையோ அவரை நோக்கி எழுதப்படவில்லை. இவ்வகையில் இது வேதியியல் வரலாறு மட்டுமன்று, மொழியின் வரலாறும் ஆகும்.

விதைக்கு நஞ்சூட்டும் வழக்கம் புதிதன்று. கோதுமைக் கதிரைக் கரும்பொடியாக்கும் கரிப்பூட்டை நோய்க்குப் பூஞ்சணமே காரணம் என்றும், தாமிரக் கரைசல் அதைத் தடுக்கும் என்றும் பெனெதிக்ட் பிரெவோ 1807இல் பிரான்சில் எழுதினார். முதல் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மனியில் கரிமப் பாதரசச் சேர்மங்கள் விதைப்பூச்சாக விற்பனைக்கு வந்தன. மிகச் சிறிய அளவே போதும், விலையும் குறைவு, விளைச்சலும் காக்கப்படும் என்பதால் அவை உலகெங்கும் பரவின. அவற்றுள் மெத்தில், எத்தில் வகைகளே மனிதருக்கு மிகக் கொடியவை. உணவுக்குழாய் வழியே சென்றால் ஏறக்குறைய முழுவதும் உடலில் கலந்து மூளையைச் சென்றடையும்.

இக்கேடு 1971இல் அறியப்படாத ஒன்றன்று. இங்கிலாந்தின் விதைப்பூச்சுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த நால்வருக்கு நேர்ந்ததை ஹன்டர், பாம்ஃபோர்ட், ரஸ்ஸல் ஆகிய மூவரும் 1940இல் கட்டுரையாக வெளியிட்டனர். கைகால் மரத்தல், நடை தள்ளாடல், பார்வைப்புலம் சுருங்கல், பேச்சுக் குழறல் என அவர்கள் பதிவு செய்த குறிகளே பின்னர் ஜப்பானின் மினமாட்டா நோயை அடையாளம் காண உதவின. ஈராக்கிலேயே 1956இலும் 1960இலும் எத்தில் பாதரசம் பூசிய விதையால் மக்கள் இறந்திருந்தனர். 1961இல் பாகிஸ்தானிலும், 1963 முதல் 1965 வரை குவாதமாலாவிலும் அதுவே நிகழ்ந்தது. விதை தின்ற பறவைகள் மடிவதைக் கண்ட ஸ்வீடன் 1966இல் இவ்வகைப் பூச்சைத் தடை செய்தது. நஞ்சு வேறாயினும் துருக்கியின் தென்கிழக்கில் 1955 முதல் 1959 வரை நடந்ததும் இவ்வரிசையில் சேரும். அங்கே விதைப்பதற்காகக் கொடுக்கப்பட்ட ஹெக்சாகுளோரோபென்சீன் பூசிய கோதுமையை உண்டு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தாய்ப்பால் வழியே நஞ்சுண்ட குழந்தைகளின் நோய்க்கு அவ்வூரார் இட்ட பெயர் ‘பெம்பே யாரா’, அதாவது இளஞ்சிவப்புப் புண். மருத்துவம் காரணத்தைக் கண்டறியுமுன்பே மக்கள் மொழி நோய்க்குப் பெயர் வைத்துவிட்டது.

ஆகவே 1971இல் பஸ்ராவுக்கு வந்த மூட்டைகள் அறியாமையின் விளைவல்ல. விளைந்த அறிவு உரியவரிடம் சென்று சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதற்குக் குறியியல் ஒரு தெளிவான விடை தருகிறது. சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் குறிகளை மூவகையாகப் பிரித்தார். வழக்கத்தால் மட்டுமே பொருள்படுவது குறியீடு. ஒப்புமையால் பொருள்படுவது உருவக்குறி. புகை நெருப்பைக் காட்டுவதுபோல் உண்மைத் தொடர்பால் பொருள்படுவது சுட்டு. ஈராக்கிய மூட்டையில் மூன்றுமே இருந்தன. மூன்றுமே தோற்றன.

முதலாவது எழுத்து. ஸ்பானிய மொழி அறியாதவருக்கு ஸ்பானிய எச்சரிக்கை வெறும் கோடுகளே. விதையைப் பெறுவோரிடம் அதன் தன்மையை விளக்கிக் கைநாட்டு வாங்கும் ஏற்பாடு இருந்ததாக அறிக்கைகள் கூறுகின்றன. அது எல்லா இடங்களிலும் பின்பற்றப்படவில்லை என்பதையும் அவையே கூறுகின்றன. கைநாட்டு, வழங்கியவரின் பொறுப்பு முடிந்ததற்குச் சான்றாகலாம். பெற்றவருக்குப் பொருள் விளங்கியதற்குச் சான்றாகாது.

இரண்டாவது மண்டையோடு. எழுத்தறியாதவருக்கும் படம் விளங்கும் என்பது பொதுவான நம்பிக்கை. மண்டையோடு சாவை ஒத்த உருவம் எனலாம். ஆனால் ‘இதை உண்டால் சாவாய்’ என்ற பொருள் அந்தப் படத்துக்குள் இல்லை. அப்பொருளை ஊட்டியது ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக்கடைகளின் வழக்கம். அவ்வழக்கத்துக்கு வெளியே இருந்த ஈராக்கிய உழவருக்கு அது வணிக முத்திரைகளுள் ஒன்று. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அதே 1971இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனை, நஞ்சுப் புட்டிகளில் ஒட்டுவதற்கு ‘மிஸ்டர் யக்’ என்ற புதிய பச்சை முகச் சின்னத்தை உருவாக்கியது. மண்டையோட்டைக் கண்ட குழந்தைகளுக்குக் கடற்கொள்ளையர் கதைகளே நினைவுக்கு வந்தன என்பதே காரணம். அந்தச் சின்னம் பிறந்து வழங்கிய பண்பாட்டிலேயே அது விளங்காமற்போனபோது, விளங்கிக்கொள்ளாத குற்றத்தைத் தைகிரீசுக் கரை உழவர்மேல் சுமத்துவது எவ்வகையில் நேர்மை?

மூன்றாவது சாயம். இது சுட்டாக அமைய வேண்டியது: நிறம் உள்ள இடத்தில் நஞ்சு உண்டு. ஆனால் சாயமும் பாதரசமும் மணியில் ஒருங்கே இருந்தனவே தவிர ஒன்றோடொன்று பிணைந்திருக்கவில்லை. உழவர்கள் தானியத்தைக் கழுவினர். சாயம் நீரில் கரைந்து போயிற்று. பாதரசம் மணியிலேயே தங்கிவிட்டது. அழுக்குப் போனால் பொருள் தூய்மையாகும் என்பது எந்த வீட்டுச் சமையலறையிலும் நாள்தோறும் மெய்ப்படும் அறிவு. அந்த அறிவு இங்கே பொய்த்தது. எச்சரிக்கையைக் கழுவ முடிந்தது, நஞ்சைக் கழுவ முடியவில்லை.

இவற்றையெல்லாம் விடக் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. உழவர் சிலர் எச்சரிக்கையை முற்றும் புறக்கணிக்கவில்லை, சோதித்துப் பார்த்தனர். தானியத்தைக் கோழிகளுக்கும் கால்நடைகளுக்கும் போட்டுச் சில நாள் பார்த்திருந்தனர். அவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை. அதன் பின்பே மாவரைத்து ரொட்டி சுட்டனர். ஐயம், சோதனை, முடிவு என்று அவர்கள் சென்ற வழி ஆய்வுமுறையின் வழியே. பிழை அவர்களின் தருக்கத்தில் இல்லை. மெத்தில் பாதரசத்தின் இயல்பில் இருந்தது. உண்ணத் தொடங்கியதற்கும் முதற்குறி தோன்றுவதற்கும் இடையே பல வாரங்கள் செல்லும். கோழி பிழைத்த ஒரு வாரம், அந்நஞ்சின் கணக்கில் ஒன்றுமேயில்லை. இந்தக் காலத்தாழ்வு 1940 முதல் மருத்துவ ஏடுகளில் இருந்தது. ‘நச்சு’ என்று எழுதியவர்கள், ‘உடனே தெரியாது’ என்று எழுதவில்லை.

உண்ண வேண்டிய தேவையும் இருந்தது. வறட்சியால் முந்தைய விளைச்சல் குன்றியிருந்தது. பல பகுதிகளில் விதைப்புப் பருவம் கடந்த பின்பே விதை வந்து சேர்ந்தது. விதைக்கக் காலமில்லை, வீட்டில் தானியமில்லை, வாசலில் இலவச மூட்டை. கடையில் மாவு வாங்கிய நகரத்தார் பெரும்பாலும் தப்பினர். வீட்டிலேயே அரைத்துச் சுட்ட சிற்றூர்க் குடும்பங்களே வீழ்ந்தன.

முதலில் விரல்களும் உதடுகளும் மரத்தன. பின் நடை தடுமாறியது, பார்வை குறுகியது, செவி மங்கியது. பேச்சு குழறியது. எதை உண்டோம், எப்போது உண்டோம் என்று சொல்ல வேண்டியவரின் நாவையே நஞ்சு கட்டிப்போட்டது. கருவுற்றிருந்த பெண்கள் சிலருக்குக் குறிகள் மெலிதாகவே இருந்தன; அவர்கள் பெற்ற குழந்தைகளின் மூளையோ கடுமையாகச் சிதைந்திருந்தது. கொடுக்கப்பட்ட மருந்துகள் குருதியிலிருந்த பாதரசத்தைக் குறைத்தன. மூளையில் நேர்ந்த சேதத்தை மீட்க அவற்றால் இயலவில்லை.

யார் எந்த மாதம் எவ்வளவு உண்டனர் என்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்தது கூந்தலிலிருந்து. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வளரும்போதே குருதியின் பாதரசத்தைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. தாய்மாரின் நீண்ட கூந்தலைத் துண்டு துண்டாகப் பகுத்து, பேறுகாலத்தின் எந்தத் திங்களில் நஞ்சு ஏறியது என்று கணக்கிட்டனர். இந்நிகழ்வில் பிழையின்றிப் படிக்க முடிந்த சுட்டு அது ஒன்றே. அதுவும் காலங்கடந்தே படிக்கப்பட்டது.

அரசின் ஆணைகள் ஜனவரியில் வந்தன. அஞ்சிய மக்கள் மிஞ்சிய தானியத்தை ஆறுகளிலும் கால்வாய்களிலும் கொட்டினர். 1974இல் உலக நல நிறுவனம் பாக்தாதில் இதற்கெனவே ஒரு மாநாடு கூட்டியது. அபாயகரமான வேதிப்பொருளை ஏற்றுமதி செய்யுமுன் பெறும் நாட்டின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற ராட்டர்டாம் உடன்படிக்கை 1998இல்தான் உருவாயிற்று. அதன் பட்டியலில் பாதரசச் சேர்மங்களும் உள்ளன.

இந்தியாவின் சட்ட வரலாறும் இதே காலத்தில் எழுதப்பட்டதே. 1958இல் கேரளத்தில், கப்பலில் பாரத்தியானோடு ஏற்றப்பட்டு மாசுற்ற உணவுப்பொருளால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் தொடர்ச்சியாக வந்தது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். பூஞ்சணக்கொல்லிகளும் அச்சட்டத்தின் பார்வையில் ‘பூச்சிக்கொல்லி’யே. அதன் விதிகள் 1971இல் வெளிவந்தன. நச்சின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு நிறங்கள். மிகக் கொடியதற்கு மண்டையோடு. இந்தி, ஆங்கிலத்தோடு விற்பனைப் பகுதியின் ஓரிரு வட்டார மொழிகளிலும் அச்சிட வேண்டும் என்ற கட்டளை. ‘பாதுகாப்பானது’, ‘நச்சற்றது’ போன்ற சொற்களை, ‘முறைப்படி பயன்படுத்தினால்’ என்ற அடைமொழியோடு கூட அச்சிடக் கூடாது என்றும் விதி உண்டு. ஒரு சொல் செய்யக்கூடிய கேட்டை உணர்ந்து எழுதப்பட்ட அரிய சட்ட வரி அது. விதைக்கு நேர்த்தி செய்யப் பயன்பட்ட மெத்தாக்ஸி எத்தில் மெர்குரி குளோரைடு 2018இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது.

எனினும் சட்டம் எட்டாத இடத்தில் வழக்குமொழி இருக்கிறது. தமிழில் இவற்றுக்கு வழங்கும் பெயர் ‘பூச்சி மருந்து’. இந்தியிலும் ‘தவா’ என்பதே வழக்கு. பயிருக்கு மருந்தாவது மனிதருக்கு நஞ்சு என்ற முரண் ஒரே சொல்லுக்குள் மறைந்து கிடக்கிறது. ‘விதை நேர்த்தி’ என்ற சொல் அழகானது. நேர்த்தி என்பதில் செம்மை உண்டு, அபாயத்தின் சாயல் சிறிதும் இல்லை. ‘பூச்சிக்கொல்லி’ என்று அச்சிடுவது துறை. ‘மருந்து அடித்தேன்’ என்று சொல்வது வயல். எச்சரிக்கையை எழுதுவோர் இந்த இடைவெளியை அறிந்திருக்க வேண்டும். நான்கு முக்கோண நிறங்களுள் பச்சை குறைந்த நச்சைக் குறிக்கும், நச்சின்மையைக் குறிக்காது. சாலையில் பச்சை கண்டு நடக்கப் பழகிய கண்ணுக்கு அதை யார் விளக்குவது?

கையுறை அணிக, விதையை உண்ணற்க, கலத்தை மீண்டும் பயன்படுத்தற்க என்னும் அறிவுரைகள் யாவும் இன்றியமையாதவை. ஆனால் அவை அனைத்தும் கேட்பவர்மேல் மட்டுமே கடமையைச் சுமத்துகின்றன. ஈராக்கிய உழவர் கோழிக்குப் போட்டுப் பார்த்தார். தம்மால் இயன்ற சோதனையைச் செய்தார். மூட்டையில் எழுதியவர், அது எந்த மொழியில், யாரால், எந்த வீட்டில் படிக்கப்படும் என்று ஒருமுறையும் சோதித்துப் பார்க்கவில்லை. அச்சிடப்பட்டதனால் ஓர் எச்சரிக்கை எச்சரிக்கையாகிவிடாது. படிப்பவர் தம் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்ல முடியும்போதே அது எச்சரிக்கை.