பர்லியார் மலைவழிகளில் மிதிவண்டி ஓட்டம்

பர்லியார் (பர்லியாறு என்றும் எழுதப்படுகிறது) தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைச்சாலையின் இடைவழியில் அமைந்துள்ள சிற்றூர் ஆகும். இப்பள்ளத்தாக்கின் வழியே வெவ்வேறு காலங்களில் அமைக்கப்பட்ட மூன்று வழிகள் மலையேறுகின்றன. அவை 1830களைச் சேர்ந்த பழைய மலைப்பாதை, 1870களில் அமைக்கப்பட்ட மலைச்சாலை, 1899 இல் திறக்கப்பட்ட மலை இருப்புப்பாதை என்பனவாம். தார் இடப்படாத காட்டுவழிகளிலும் கைவிடப்பட்ட இருப்புப்பாதைத் தடங்களிலும் மிதிவண்டி ஓட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. அவ்வழக்கத்திற்கு மிகவும் ஏற்ற நில அமைப்பு பர்லியாரில் இருப்பினும், இம்மூன்று வழிகளில் எதையும் தங்குதடையின்றிப் பயன்படுத்த இயலாது என்பதே இப்பகுதியின் சிறப்பு நிலை.

சரளைப்பாதை மிதிவண்டி

சரளைக்கல் பரப்பிய சாலைகள், மண்பாதைகள் ஆகியவற்றில் நெடுந்தூரம் செல்வதற்கென வடிவமைக்கப்பட்ட மிதிவண்டி சரளைப்பாதை மிதிவண்டி எனப்படுகிறது. பந்தய மிதிவண்டியைப் போலக் கீழ்நோக்கி வளைந்த கைப்பிடியும், அதைவிட அகன்ற டயர்களும் (பொதுவாக 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை) இதற்கு உண்டு. டயரில் காற்றழுத்தம் குறைவாக வைக்கப்படுவதால் கற்களின் அதிர்வு ஓட்டுநரை அதிகம் தாக்குவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் டிஸ்க் பிரேக் பொருத்தப்படுகிறது. மலைப்பகுதிகளில் இதன் பயன் பெரிது. நீண்ட இறக்கத்தில் சக்கர விளிம்பை அழுத்தும் பழைய வகை பிரேக்கை ஓயாமல் பிடித்தால், விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கும் வாய்ப்புண்டு.

இவ்விளையாட்டு அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் உருப்பெற்றது. கன்சாசு மாநிலத்தின் எம்போரியா நகரில் 2006 இல் தொடங்கிய பந்தயம் (இப்போது அன்பவுண்ட் கிராவல் எனப்படுவது) இதைப் புகழ்பெறச் செய்தது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் இதற்கான முதல் உலக வாகைப் போட்டியை 2022 இல் இத்தாலியில் நடத்தியது.

கைவிடப்பட்ட இருப்புப்பாதைகள்

தொடர்வண்டி செங்குத்தான ஏற்றங்களில் ஏறாது. எனவே இருப்புப்பாதை அமைப்போர் மலையை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைப்பர். தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பின்னும் அச்சரிவு அப்படியே நிலைக்கும். அமெரிக்காவின் விசுகான்சின் மாநிலத்தில் 1960களில் மிதிவண்டிப் பாதையாக மாற்றப்பட்ட எல்ராய்-சுபார்ட்டா தடம் இவ்வகையில் முன்னோடியாகும். ஏறத்தாழ 51 கிமீ நீளமுள்ள இத்தடத்தில் மூன்று சுரங்கங்கள் உள்ளன.

தமிழர் வாழும் மலைப்பகுதிகளிலும் அவற்றை அடுத்தும் இத்தகைய தடங்கள் உண்டு. மூணாற்றிலிருந்து தேயிலையைக் கொண்டுசெல்ல 1902 இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டது. 1908 இல் அது குறுகிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. தமிழக எல்லையிலுள்ள டாப் ஸ்டேசன் வரை சென்ற இப்பாதையை 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்துவிட்டது. ஊரின் பெயரில் மட்டும் நிலையம் எஞ்சியுள்ளது. பரம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்கு மரம் ஏற்றிச்சென்ற கொச்சி வனத் தண்டூர்திப்பாதை 1963 இல் மூடப்பட்டது. இலங்கையில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற குறுகிய இருப்புப்பாதை 1940களில் கைவிடப்பட்டது.

பர்லியாரின் மூன்று வழிகள்

நீலகிரிக்கு ஆங்கிலேயர் அமைத்த முதற்பாதை கோத்தகிரி வழியாகச் சென்றது. அது 1823 இல் முடிவுற்றது. அடுத்து, சென்னை மாகாண ஆளுநராக இருந்த லசிங்டன் காலத்தில், 1830க்கும் 1832க்கும் இடையில் லீ ஹார்டி என்னும் படை அதிகாரியின் பொறுப்பில் குன்னூர் மலைப்பாதை வெட்டப்பட்டது. செங்குத்தான இப்பாதையில் வண்டிப் போக்குவரத்து கடினமாக இருந்தது. ஆகவே 1870களில் கர்னல் லா என்பவரின் திட்டப்படி, நீளம் கூடினாலும் ஏற்றம் குறைந்த புதிய சாலை அமைக்கப்பட்டது. குன்னூருக்குக் கீழேயுள்ள லாஸ் அருவி இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்திற்கு 1873 இல் இருப்புப்பாதை வந்துவிட்டதால் இச்சாலையே மலைக்குச் செல்லும் முதன்மை வழியாயிற்று. பழைய பாதையின் சில பகுதிகள் நடைவழிகளாகக் காட்டிற்குள் எஞ்சியுள்ளன.

எனவே பர்லியாரில் கைவிடப்பட்டது சாலையே அன்றி இருப்புப்பாதை அன்று. நீலகிரி மலை இருப்புப்பாதையின் மேட்டுப்பாளையம்-குன்னூர் பகுதி 1899 சூனில் திறக்கப்பட்டது. 1908 இல் பாதை உதகமண்டலத்தை அடைந்தது. 2005 இல் யுனெசுகோ இதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. வழியிலுள்ள கல்லாறு, அடர்லி போன்ற நிலையங்களில் பயணிகள் ஏறி இறங்கும் வழக்கம் நின்றுவிட்டது. ஆளற்ற அந்நிலையங்களைக் காண்போர் பாதையே கைவிடப்பட்டது என எண்ணக்கூடும். ஆயினும் தொடர்வண்டி ஓடிக்கொண்டிருக்கும் பாதை இது. இதன்மீது நடப்பதும் மிதிவண்டியை உருட்டிச்செல்வதும் 1989 ஆம் ஆண்டு இருப்புப்பாதைச் சட்டத்தின் 147 ஆம் பிரிவின்படி அத்துமீறலாகும். குறுகிய சுரங்கங்களிலும் பாலங்களிலும் வண்டி வந்தால் ஒதுங்க இடமிராது.

இருப்புப்பாதைகள் மென்சரிவானவை என்ற பொதுவிதியும் இங்குப் பொருந்தாது. கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே ஏறத்தாழ 20 கிமீ தொலைவில் பாதை சுமார் 1,300 மீட்டர் உயருகிறது. அதாவது சராசரிச் சரிவு 6 விழுக்காட்டிற்கும் மேல். சில இடங்களில் அது 12க்கு 1 என்ற அளவை எட்டுவதால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் பதித்து, அதில் எஞ்சினின் பற்சக்கரத்தைப் பொருத்தியே வண்டி ஏறுகிறது.

காடும் யானைகளும்

கல்லாறு முதல் பர்லியார் வரையிலான சரிவுகள் யானைகளின் நடமாட்டப் பகுதி ஆகும். அடிவாரக் காடுகளுக்கும் மேல்மலைக்கும் இடையே செல்லும் யானைகள் சாலையையும் இருப்புப்பாதையையும் கடந்தாக வேண்டும். 2022 இல் இருப்புப்பாதையோரம் எழுப்பப்பட்ட தடுப்புச்சுவர்கள் யானைகளின் வழியை மறித்ததால் எதிர்ப்பு எழுந்து, பின்னர் அவை இடிக்கப்பட்டன. பலாப்பழக் காலத்தில் பர்லியார்த் தோட்டங்களை நாடி யானைகள் வருவது வழக்கம். இங்குள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணை 1871 இல் தொடங்கப்பட்டது. மங்குசுத்தான், துரியான், சாதிக்காய், கிராம்பு ஆகியன அதில் வளர்க்கப்படுகின்றன.

மிதிவண்டி ஓசையின்றிச் செல்வது பிற இடங்களில் அதன் நற்பண்பு. இங்கு அதுவே ஆபத்தாகும். ஓசையெழுப்பும் வண்டியை யானை தொலைவிலேயே அறிந்துகொள்ளும். மிதிவண்டியோ வளைவைத் திரும்பியவுடன் யானையின் முன் நிற்க நேரும். குட்டியுடன் உள்ள யானையாயின் தப்புவது அரிது. பழைய மலைப்பாதை போன்ற காட்டுவழிகளில் பார்வைத் தொலைவு மிகக் குறைவு. சரிவில் விரைவாக இறங்கும் ஓட்டுநருக்கு நின்று திரும்பவும் நேரமிராது.

காப்புக்காட்டினுள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றப் பயணிகள் பலர் உயிரிழந்த பின், தமிழக அரசு மலையேற்றத்திற்குத் தனி விதிகளை வகுத்தது. டாப் ஸ்டேசனிலிருந்து கம்பிவட வழியாகத் தேயிலை இறக்கப்பட்ட இடமும் அந்தக் குரங்கணிச் சரிவே.

ஓட்டத்திற்குரிய வழிகள்

சட்டப்படி யாவரும் மிதிவண்டி ஓட்டக்கூடியது மலைச்சாலை மட்டுமே. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட இது தார்ச்சாலை. பேருந்துகளும் சரக்குந்துகளும் மிகுதியாகச் செல்வதால், கோடைக்காலத்தில் மிதிவண்டிக்கு இடம் குறைவு. வடகிழக்குப் பருவமழையின்போது மண்சரிவு ஏற்படுவதுண்டு. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே ஏற்பட்ட பெரும் நிலச்சரிவு பல உயிர்களைப் பறித்ததுடன் சாலையையும் இருப்புப்பாதையையும் துண்டித்தது. 2008 இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரீசு என்னும் ஆண்டுதோறும் நடைபெறும் மிதிவண்டிப் பயணமும் தார்ச்சாலைகளிலேயே நடத்தப்படுகிறது.

மண்பாதை ஓட்டத்தை விரும்புவோருக்கு எஞ்சுவன தேயிலைத் தோட்டப் பாதைகள். கொழுந்து ஏற்றும் வண்டிகளுக்காக மலைச்சரிவைச் சுற்றி அமைக்கப்பட்ட இவை சரளைப்பாதை மிதிவண்டிக்கு நன்கு பொருந்துவன. ஆனால் தனியார் நிலத்தில் உள்ளமையால் தோட்ட நிருவாகத்தின் இசைவு தேவை. வேலைநேரத்தில் தொழிலாளர்கள் இப்பாதைகளில் சுமையுடன் நடப்பர். மாலையில் காட்டெருதுகள் தேயிலைக்குள் மேயும். குன்னூரிலிருந்து லேம்ப்ஸ் ராக் வழியாக டால்பின் நோஸ் வரை செல்லும் ஏறத்தாழ 12 கிமீ பொதுச்சாலை இத்தோட்டங்களின் ஊடே செல்கிறது. லேம்ப்ஸ் ராக் முனையிலிருந்து கீழே பர்லியார்ப் பள்ளத்தாக்கைக் காணலாம்.

மாவட்டத்திற்குள் வரும் வெளியூர் மோட்டார் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் குடிநீர்ப் புட்டிகளுக்கு நீலகிரியில் தடை உள்ளது. ஆகவே மிதிவண்டியில் வருவோர் மீண்டும் நிரப்பக்கூடிய குடுவையைக் கொண்டுவருதல் வேண்டும்.