விதைக்கு வந்த பணம்

பீங்கான் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், ஒன்றிரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய வங்கிக் கணக்கில் அரசு நேரடியாகச் செலுத்தும் உதவித்தொகையை நம் காலத்துப் புதுமை என்றே பலரும் எண்ணுகின்றனர். அப்படியன்று. நொடித்துப்போன உழவன் கையில் ரொக்கம் கொடுத்து அவனை மீண்டும் ஏர்பிடிக்கச் செய்த முயற்சி, நம் பழைய சென்னை மாகாணத்திலேயே 1877-இல் நடந்தது.

1876-இல் மழை பொய்த்தது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று அச்சத்தோடு நினைவுகூர்ந்த அந்தப் பெருந்துயரில், 1878-க்குள் இந்தியாவில் மடிந்தோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அன்றைய அரசு, உழைப்பவனுக்கே உணவு என்றது. 1877 தொடக்கத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவனின் நாட்கூலியை ஓர் இராத்தல் தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். அவ்வளவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் போராடினார். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த திராட்சைத் தோட்டக்காரரின் உவமையை அறிந்த ஆட்சியாளர்கள்தாம் அவர்கள்!

1877 ஆகஸ்டில் சென்னைப் பெருமக்கள் கூடி இங்கிலாந்துக்கு வேண்டுகோள் விடுத்தனர். ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் அதற்குத் துணைநின்றார். வைஸ்ராய் லிட்டனோ முகம் சுளித்தார். இலண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையில் திரட்டப்பட்ட நிதி ஐந்து இலட்சம் பவுனைத் தாண்டியது.

அப்பணம் எதற்குப் பயன்பட்டது என்பதே நமக்கு முக்கியம். மழை திரும்பியபோது நிவாரண முகாமிலிருந்து வீடு சேர்ந்த குடியானவனிடம் நிலம் மட்டுமே எஞ்சியிருந்தது. விதையை அவன் குடும்பம் உண்டு தீர்த்திருந்தது. மாடுகள் செத்தோ விலைபோயோ இருந்தன. கூரை வைக்கோலைக்கூடப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டிருந்தார்கள். அந்நிலையில் உள்ளூர்க் குழுக்கள் அவனுக்கு விதை வாங்கவும், உழவுமாடு பிடிக்கவும், கூரை வேயவும் பணம் தந்தன. மறைப்பணியாளர் பலரும் அக்குழுக்களில் உழைத்தனர். அந்தச் சில ரூபாய் கிடைத்தவன், விளையாத வெள்ளாமையை வட்டிக்காரனிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்காமல் தப்பினான். பஞ்சத்தின் பசியைவிடப் பஞ்சத்துக்குப் பின்வரும் கடனே ஒரு குடியை நெடுங்காலம் அழிக்கும் என்பதை அக்குழுவினர் உணர்ந்திருந்தார்கள். ஏரும் நிலமும் இல்லாத படியாளுக்கு இந்த விதைப்பணத்தில் என்ன பங்கு இருந்திருக்க முடியும்?

2019-இல் நடுவண் அரசு, உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக வழங்கத் தொடங்கியது. நம் பகுதியின் நிலக்கடலையை வைத்து இதை அளந்து பார்க்கலாம். ஏக்கருக்கு 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். கிலோ நூறு ரூபாய்க்குக் குறைந்து அது கிடைப்பதில்லை. ஆகவே ஒரு தவணையான 2,000 ரூபாய் அரை ஏக்கர் விதைக்கும் போதாது. ஆயினும் விதைப்புக்கு முன் வந்தால் அவ்வளவு கடன் குறையும். பின்னால் வந்தால் மளிகைக் கடைப் பாக்கிக்கோ பள்ளிச் செலவுக்கோ போகும். அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். வயிறும் உழவின் கருவியே. தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை குடும்பத்தலைவியின் பெயருக்கே சென்றது. அடுப்பை அறிந்தவள் கைக்குப் பணம் போவது 1877-இல் யாரும் எண்ணாதது.

2020-இல் உழவர் நிதியில் பெரும் முறைகேடு வெளிப்பட்டது. தகுதியற்ற ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் 110 கோடி ரூபாய் எடுக்கப்பட்டதாக மாநில அரசே அறிவித்தது. நம் கடலூர் மாவட்டமும் அதில் சிக்கியது. நிலமே இல்லாதவர் பட்டியலில் நுழைந்தனர் என்று நாடே கொதித்தது, நியாயந்தான். ஆனால் முறையாகவே பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றி எவரும் கொதிக்கவில்லை. 2019 பிப்ரவரி முதல் நாளில் நிலப்பதிவேட்டில் பெயர் இருந்தவரே உழவர் என்பது விதி. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவன் அதில் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவுசெய்யத் தமிழகத்தில் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று உரிமையாளர் அஞ்சுகிறார். கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்று குத்தகைக்காரன் அஞ்சுகிறான். வாய்ச்சொல்லாகவே உழவு நடக்கிறது. கடன் வாங்கிக் கடலை விதைத்தவன் வானத்தைப் பார்த்து நிற்கையில், அந்த நிலத்துக்கான தவணை வேறோர் ஊரில் வேறொருவர் கணக்கில் வந்து சேர்கிறது.