சிவகாசிக்கு முதல் மேயர் வந்த கதை

எங்கள் எம். புதுப்பட்டிக்காரர்களுக்கு டவுன் என்றால் சிவகாசிதான். அந்த டவுனின் ஒரு தேதியை இளையவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்: 2022 பிப்ரவரி 22.

சிவகாசி, திருத்தங்கல் நகராட்சிகள் 2021-இல் இணைந்து மாநகராட்சி ஆயின. அதன் முதல் தேர்தல் முடிவு அன்று வெளியானது. 48 வார்டுகளில் தி.மு.க. கூட்டணிக்குப் பெரும்பான்மை. முதல் மேயர் சங்கீதா இன்பம்; துணை மேயரும் பெண்தான். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் அதற்கு முந்தைய முடிவு எப்போது வந்தது? 2011 அக்டோபரில்! அரசியல் சட்டம் சொல்வது ஐந்து ஆண்டு. 2016 தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்த பிறகு தனி அலுவலர்கள்தான் நிர்வாகம்.

கிராமங்களுக்கு 2019 டிசம்பரில் வாக்குப்பதிவு நடந்தது. ஒருவருக்கு நான்கு வாக்குச்சீட்டு. ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்.

பணியில் இருந்தபோது எத்தனையோ வாக்குச்சாவடிகளில் விரலில் மை வைத்தவன் நான். குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் ஜனங்கள் மெம்பர் வீட்டு வாசலில்தான் போய் நிற்பார்கள். ஜெயித்தவர் பெயரை மறந்தாலும் பரவாயில்லை. அந்த வாசலே இல்லாமல் போன ஆண்டுகளை மறக்காதீர்கள்.