ஏ உண்டு, சி உண்டு... பி எங்கே?



நெடுஞ்சாலையில் நமக்கு முன்னே செல்லும் லோரிகளின் கதவுகளை உற்று நோக்கியிருக்கிறீர்களா? 'லெசென் பெம்பாவா ஏ' அல்லது 'லெசென் பெம்பாவா சி' என்று பலவற்றில் எழுதப்பட்டிருக்கும். பிறருடைய சரக்கைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் லோரிக்கு 'ஏ' உரிமம். தம் சொந்த வணிகத்தின் சரக்கை மட்டும் ஏற்றும் லோரிக்கு 'சி' உரிமம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தை அடுத்த வினாவைத் தானே கேட்கும்: "அப்படியென்றால் 'பி' எங்கே, ஐயா?"

அவ்வினாவிற்கு விடை தேட வேண்டுமானால் நாம் பிரிட்டனுக்குச் செல்ல வேண்டும்.

முதலாம் உலகப் போர் 1918இல் முடிவுற்றபோது, இராணுவத்தின் உபரி லோரிகள் மலிவாக விற்கப்பட்டன. போரிலிருந்து திரும்பிய வீரர்கள் பலர் அவற்றை வாங்கிச் சரக்குத் தொழிலில் இறங்கினர். இரயில் நிறுவனங்கள் திகைத்தன. இரயிலுக்கோ சட்டக் கடப்பாடுகள் மிகுதி. கட்டணத்தை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், வரும் சரக்கை மறுக்கவும் இயலாது. லோரிக்காரர்களோ இலாபம் தரும் சரக்கை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றினர். போட்டி முற்றியது. கட்டணத்தைக் குறைப்பதற்காக ஓட்டுநர்களை ஓய்வின்றி வேலை வாங்கும் வழக்கமும் வளர்ந்தது.

சர் ஆர்தர் சால்டர் தலைமையில் 1932இல் இரு தரப்பினரும் கூடி ஆராய்ந்தனர். அதனைத் தொடர்ந்து 1933இல் சாலை, இரயில் போக்குவரத்துச் சட்டம் பிறந்தது. அச்சட்டமே மூவகை உரிமங்களை வகுத்தது. கூலிக்குச் சுமப்போருக்கு 'ஏ'. சொந்தச் சரக்கை மட்டும் சுமப்போருக்கு 'சி'. இரண்டையும் செய்வோருக்கு 'பி'. ஆம், நாம் தேடிய 'பி' இதுதான்!

மலாயா அக்காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அங்கும் இங்கும் எழுத்தும் அதன் பொருளும் ஒத்திருப்பதைக் காணும்போது, நம் லோரிக் கதவின் எழுத்துகளுக்குத் தாயகம் எதுவென ஊகிப்பது கடினமன்று. நாம் இரண்டை வைத்துக்கொண்டோம். நடுவிலிருந்த ஒன்று நம்மிடம் இல்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 'ஏ' உரிமம் கேட்பவரின் சேவை தேவைதானா என்பதே முதன்மையான வினாவாக இருந்தது. இரயில் நிறுவனங்களும் ஏற்கெனவே தொழில் செய்வோரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். இவ்வாறு எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்டதால் உரிமம் அரிய பொருளாயிற்று. அரிய பொருளுக்கு விலை ஏறும் என்பது சந்தையின் இயல்பு அல்லவா? பொறுப்பைக் குறிக்க வேண்டிய தாள், சொத்தாக மாறத் தொடங்கியது.

பிரிட்டன் 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தின்வழி இம்முறையைக் கைவிட்டது. 1970 முதல் ஏ, பி, சி ஆகிய மூன்றும் மறைந்து, 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு 'நடத்துநர் உரிமம்' வந்தது. வினாவும் மாறியது. 'இன்னொரு லோரி தேவையா?' என்பது போய், 'இவர் தகுதியானவரா?' என்பது வந்தது. நன்மதிப்பு உண்டா, வண்டியைப் பராமரிக்கப் பணம் உண்டா, வண்டிகளை நிறுத்த முறையான இடம் உண்டா என்றெல்லாம் கேட்கப்பட்டது. 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்த பின்னர், உள்நாட்டுக்கு ஒன்று, அனைத்துலகப் பயணத்திற்கு ஒன்று என உரிமம் பிரிந்தது. கூலிக்குச் சரக்கு ஏற்றுவோர் தொழில்திறன் சான்றும் காட்ட வேண்டியதாயிற்று. 2022 மே மாதம் முதல், ஐரோப்பாவிற்குக் கூலிச் சரக்கு ஏற்றும் 2.5 டன்னுக்கு மேற்பட்ட வேன்களுக்கும் அனைத்துலக உரிமம் கட்டாயமாயிற்று.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் வர்த்தக வாகன உரிம வாரியத்திற்கு வழிவகுத்தது. 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தால் தீபகற்பத்தில் அப்பொறுப்பு ஸ்பாட் ஆணையத்திற்குச் சென்றது. 2019இல் அதுவும் கலைக்கப்பட்டு ஆபாட் நிறுவனம் உருவாயிற்று. பலகைகள் மாறின, ஏ, சி எழுத்துகள் மாறவில்லை.

நாட்டின் எல்லையை அடைந்தால் இவ்வெழுத்துகள் மட்டும் போதா. தாய்லாந்திலிருந்து மலேசியா வழியாகச் சிங்கப்பூருக்கு விரைவில் அழுகும் சரக்குகளை அனுப்ப 1979இலேயே ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1998இல் ஆசியான் நாடுகள் கடவுச் சரக்குகளுக்கான ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டன. எனினும், எல்லையில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றும் வழக்கம் நீண்ட காலம் தொடர்ந்தது. ஆசியான் சுங்கக் கடவு முறை 2020 நவம்பரில்தான் தொடங்கப்பெற்றது. கையொப்பத்திற்கும் செயலுக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள்!

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2025 மே 13ஆம் நாள் தெலுக் இந்தானில், கற்களை ஏற்றிச் சென்ற லோரி மோதி, கலகத் தடுப்புக் காவல் படையினர் ஒன்பது பேர் மாண்டனர். லோரியில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சுமை இருந்தது விசாரணையில் தெரியவந்தது. ஒரு மாதம் ஆவதற்குள், ஜூன் 9ஆம் நாள், கெரிக் அருகே பேருந்து விபத்தில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் பதினைவர் உயிரிழந்தனர். நாளை நம் பள்ளிகளில் நம்மோடு நின்று கற்பித்திருக்க வேண்டிய பிள்ளைகள்! அப்பேருந்தின் உரிமம் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என அறிவிக்கப்பட்டு, நடத்துநர் உரிமமும் பறிக்கப்பட்டது.

உரிமம் ஒருவர் பெயரில். வண்டியை நடத்துபவர் இன்னொருவர். பிரிட்டனில் கண்ட அதே நோய்தான் இது. உரிமம் சொத்தாகிவிட்டால் அதை வாடகைக்கு விடும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. வாடகைக்கு விட்டபின் தேய்ந்த சக்கரத்திற்கும் உறங்காத ஓட்டுநருக்கும் பொறுப்பேற்பவர் யார்?

நன்னெறிக் கல்விப் பாடத்தில் 'பொறுப்புணர்வு' என்று எழுதிப் போடுகிறோம். லோரிக் கதவின் ஓர் எழுத்தைக் காட்டி அதனை இன்னும் எளிதாக விளக்கலாம். அத்தோடு நில்லாமல், அடுத்த கல்விச் சுற்றுலாவிற்குப் பேருந்து அமர்த்தும்போது கட்டணத்தை மட்டும் கேளாது, "உரிமம் யார் பெயரில் உள்ளது? பேருந்தை நடத்துபவரும் அவர்தாமா?" என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் இவ்விரு வினாக்களை எழுப்புங்கள். விடை தெளிவாக வரவில்லையெனில், வேறு பேருந்தைத் தேடுவதே நலம்.